பத்தாயத்துக்குள் ஒரு பந்தயம்

பத்தாயத்தில் நெல் கொட்டுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் மூட்டைக்குப் பலகை அதிரும். அடுத்தடுத்த மூட்டைகளுக்கு மழை மாதிரி கேட்கும். நிறைய நிறையச் சத்தம் தாழ்ந்துகொண்டே வரும். கடைசி மூட்டை, யாரோ யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல முடிந்துவிடும்.

பல வருஷம் கழித்து அதே பத்தாயத்திலிருந்து ‘கொர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. காரணம் நான். என் மனைவி பாத்திமா மேரி அதை எலி என்று நினைத்தாள். அப்படி நினைத்தாள் என்று நான் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகன், லியோ. அவன் கத்தாருக்குப் போவதற்காக நிலத்தை விற்றோம். நெல் வரவு நின்றது. பாபநாசம் வீட்டுக் கூடத்தில், ஆள் இறங்கி நிற்கிற உயரத்துக்குப் பத்தாயம் மட்டும் காலியாக நின்றது. லியோ போன் செய்தால் நான்தான் ஓடிப்போய் எடுப்பேன்.

“அப்பா, நல்லாருக்கீங்களா?”

“நல்லாருக்கேன்டா. அங்க வெயில்...”

“அம்மாகிட்ட குடுங்க.”

அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் நடுவே அரபிக்கடல் இருப்பதாக ஊரில் சொன்னார்கள். கடலெல்லாம் ஒன்றுமில்லை. ‘குடுங்க’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. நான் தாலுகா ஆபீசில் தபாலை வாங்கி அடுத்த மேஜைக்குத் தள்ளியே ஓய்வு பெற்றவன். வீட்டிலும் அதே உத்தியோகம்.

விஷயம் தெரிந்தது நெய்னா முகம்மதுவின் கடையில். ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர், எதைக் கொடுத்தாலும் திறந்துவிடுவார். திரும்ப மூடுவதுதான் சந்தேகம். அவருடைய தங்கை மகன் கத்தாரில் லியோவோடு ஒரே அறை.

“சாமி சார், வெள்ளிக்கிழமை அங்க லீவு பாருங்க. உங்க மகன் காலையிலேயே கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்ட உக்காந்துருவானாம். ஓட்டிக்கிட்டே மைக்குல மணிக்கணக்கா பேசுறானாம்.”

“பேசுறானா? யாருகிட்ட?”

“கூட ஓட்டுறவங்ககிட்ட. யாரு என்னன்னே தெரியாதவங்க.”

தெரியாதவனிடம் மணிக்கணக்காக. பெற்றவனிடம் ‘குடுங்க’. அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன். நானும் தெரியாதவனாகிவிடுவது.

மேரியிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் அந்த மைக்கும் அவள் கைக்குப் போய்விடும்.

“புதுசெல்லாம் வேணாம் சார்,” என்றார் நெய்னா. “ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மிஷின் ஒண்ணு கிடக்குது. பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு சொருகினா ரேஸ் ஓடும். கேபினெட்தான் துருப்பிடிச்சுப் போச்சு.”

“கேபினெட் என்கிட்ட இருக்கு பாய். தேக்கு.”

“தேக்குலயா!”

சாமான்கள் ஒவ்வொன்றாக, கீரைக்கட்டுக்கு அடியில், பையில் வீடு வந்தன. நெய்னாவோடு கொல்லையில் கிணற்றடியில் நின்று கிசுகிசுவென்று போன் பேசுவேன். மேரி பாத்திரம் தேய்ப்பாள். அவள் தேய்ப்பதை நிறுத்தினால் காது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

“யாருங்க அந்த ராம்?”

“எந்த ராம்?”

“‘ஒரு ராம் பத்தாது, இன்னொரு ராம் வேணும்’னு சொன்னீங்களே.”

“அது... பந்தல் போடுற ஆளு.”

“நம்ம வீட்டுல என்ன விசேஷம்?”

“நெய்னா வீட்டுல.”

“சரி. தஞ்சாவூர்லேருந்து எஸ்.எம்.பி.எஸ். வருதுன்னீங்களே, அது எந்த டாக்டரு?”

“டாக்டர் இல்ல மேரி. கரண்டு குடுக்குறது.”

“கரண்டு குடுக்குற டாக்டரா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல.”

“மனசுக்கு?”

பத்தாயத்துக்குள் மிஷினைப் பூட்டிய முதல் நாளே அது மூச்சடைத்து நின்றது. கழற்றி நெய்னாவிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் கூப்பிட்டபோது லைன் சரியாக இல்லை. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“என்ன பாய்? மதர் போயிருச்சா? காப்பாத்த முடியாதா? சூடு தாங்கலையா? சரி, தூக்கிப் போட்டுருங்க. வேற மதர் பாப்போம்.”

நான் சொன்னது மதர்போர்டை. ஆனால் எங்கள் மாதா கோயில் பங்கில் மதர் என்றால் கான்வென்ட் மதர் ஒருவர்தான். மேரி பாடற்குழுவில் பாடுகிறவள். மதர் மேல் உயிர். நான் திரும்பிப் பார்த்தபோது பாத்திரங்கள் நுரையோடு கிடந்தன. அவள் இல்லை.

மத்தியானம் வந்தாள். கண் சிவந்திருந்தது. உதடு மட்டும் ஏனோ துடித்தது.

“மதர் நல்லாருக்காங்க,” என்றாள்.

“எந்த மதர்?”

“ரோஜா மாலையோட போனேன். கேட்டுல நின்னு பால்காரரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. மாலை யாருக்குன்னு கேட்டாங்க. உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்.”

“ஐயையோ.”

“நீங்க போன்ல பேசினதையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாங்க.”

“ஏன் சிரிச்சாங்க?”

“எனக்கென்ன தெரியும்?”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற மேரியை எனக்குத் தெரியும். கேட்காத மேரியோடு நான் வாழ்ந்ததில்லை.

அந்த வாரமே நெய்னாவுக்கு வேறொரு மதர் கிடைத்தது. “ஒரு ஸ்கூல்ல கழிச்சாங்க சார். சும்மாவே குடுத்துட்டாங்க,” என்றார். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கவனித்திருக்க வேண்டும்.

இந்த முறை பத்தாயத்தின் மேல்மூடியை நகர்த்தி, ஒரு பழைய ஃபேனைத் தொங்கவிட்டேன். அடியில் நெல் சரிய விடுகிற சின்னக் கதவு வழியாக ஒயரை இழுத்தேன். மேரி வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போனதும், கைலியோடு உள்ளே இறங்கினேன். ஃபேன் ‘கொர்ர்ர்’ என்றது. தங்கை மகனிடம் கேட்டு நெய்னா சேர்த்துவிட்ட அதே ரேஸில் என் காரும் ஓடியது. லியோவின் குரல் காதுக்குள் வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங் தம்பி, கொஞ்சம் ஒதுங்கிக்கங்.”

“அண்ணனுக்கு எந்த ஊருங்க?”

“கோயமுத்தூருங்.”

“ஓ,” என்றான். கொஞ்ச நேரம் இருமினான். அல்லது இருமல் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து பேசினான். மழையாகப் பேசினான். மணல் காற்று, மேஸ்திரியின் வாய், நின்று நின்று வருகிற கால்வலி, எத்தனை வைத்தாலும் வாய்க்காத ரசம். பெருங்காயத்தைக் கடைசியில் போடச் சொன்னேன். அடுத்த வாரம், “வாசனை வந்துருச்சுண்ணே,” என்றான். பத்தாயத்துக்குள் எனக்கும் வந்தது.

வீட்டில் மேரி சொன்னாள்: “என்னங்க, பத்தாயத்துல எலி.”

“காலிப் பத்தாயத்துல எலிக்கு என்ன வேலை?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

பொறி வைப்பாள் என்று பயந்தேன். வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூசைக்குக் கிளம்புமுன், அடிக்கதவுப் பக்கம் ஒரு தட்டில் மசால் வடை வைத்தாள். எலிக்காம். நான் உள்ளிருந்து கையை நீட்டி எடுத்துக்கொள்வேன். எலிக்குச் சட்னி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பாலத்து வளைவில் கார்கள் பக்கம் பக்கமாகப் போகும்போது லியோ சொன்னான்: “அண்ணே, எங்க அப்பா ஒருத்தர் இருக்காரு.”

என் கார் நேராகச் சுவரில் போய் மோதியது.

“என்ன பண்றாருங்?”

“போன் எடுப்பாரு.”

“பேசலாமுங்களே அவருகிட்ட.”

“என்ன பேசுறதுண்ணே? எனக்காக நிலத்தை வித்தாரு. அவரு குரலைக் கேட்டதும் அதுதான் முன்னாடி வந்து நிக்குது. அழுதுருவேனோன்னு பயம். அதான், அம்மாகிட்ட குடுக்கச் சொல்லிருவேன்.”

மூக்கைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுவாகவே அடைத்திருந்தது.

“நிலம் கிடக்குதுங் தம்பி,” என்றேன். “போன் வர்ற சத்தம் கேட்டா அவருக்கு அறுவடை ஆன மாதிரிதான் இருக்குமுங்.”

அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு லியோ சொன்னான்:

“சரிண்ணே. ரொம்ப நேரம் அதுக்குள்ளேயே உக்காந்திருக்காதீங்க, வெந்துருவீங்க. அம்மாகிட்ட குடுங்க.”

“இதோ குடுக்குறேன்டா,” என்றேன். இத்தனை வருஷப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அடிக்கதவு திறந்தது. முன்பெல்லாம் நெல் சரிந்து வருகிற அந்தத் துவாரத்தில், வளையல் போட்ட கை ஒன்று உள்ளே வந்து உள்ளங்கையை விரித்தது.

“குடுங்க.”

“நீ பூசைக்குப் போகலையா?”

“ஆறு மணிப் பூசை எப்பவோ முடிஞ்சாச்சு. வாரா வாரம் இங்கதான் உக்காந்திருக்கேன். உங்க கோயமுத்தூர் பாஷையைக் கேக்க.”

“எப்பலேருந்து தெரியும்?”

“மதர் சிரிச்ச அன்னையிலேருந்து. மதர்போர்டுன்னா என்னன்னு அவங்கதான் கம்ப்யூட்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. உள்ள இருக்கே இப்ப, அந்த மதரே கான்வென்ட்ல கழிச்சது. நான்தான் கொண்டுபோய் பாய்கிட்ட குடுத்தேன்.”

“அப்ப லியோவுக்கு?”

“முதல் நாளே குரலைக் கண்டுபிடிச்சு எனக்குப் போன் பண்ணிட்டான். அப்பாகிட்ட பேச வரலன்னா, கோயமுத்தூர் அண்ணன்கிட்டயாவது பேசுடான்னு நான்தான் சொன்னேன். சட்னி காரமா இருந்துச்சா?”

ஹெட்போனைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன்.

லியோ கத்தாரிலிருந்து மாறி இப்போது ஆக்லாந்தில் இருக்கிறான். வாரம் தவறாமல் கூப்பிட்டு, “கோயமுத்தூர் அண்ணன்கிட்ட குடுங்க” என்கிறான். போனை எடுப்பது மேரி. அவள் குடுத்தால் பேசுவேன்.