ஹேண்ட் பிரேக்கும் அப்பாவின் சபதமும்

"இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் ஷூ மாத்தாம இன்னைக்கு நான் குளிக்க மாட்டேன்!"

அப்பா சபதம் போட்டதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப உங்க பாயை வாசல்ல விரிச்சிடவா?"

வண்டி அம்மாவுடையது. பூச்செடி வளர்த்து, தொட்டி தொட்டியாக பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் விற்பது அம்மாவின் தொழில். வீடு இருப்பதோ சறுக்கு மரம் மாதிரி ஒரு தெருவில். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அது கூரை வரைக்கும் வரும். வண்டி மட்டும் நிற்காது. ஆகவே அம்மா வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அப்பா ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓடுவார். மாப்பிள்ளையாக வந்த மனிதர் முட்டுக்கல்லாக உத்தியோக உயர்வு பெற்றிருந்தார்.

மறுநாள் மேட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி நிறையத் தொட்டிகள் போக வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர். அங்கே ஏற்றத்தில் வண்டி நின்றால்தான் இறக்க முடியும். நிற்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் அம்மா.

"எதுக்கு? புது ஷூ வாங்கி வச்சிருக்க. கை ரெண்டு எனக்கு இருக்கு. மூளை வேற இருக்கு."

"கை சரி."

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். அதுவரை வெற்றி. அடுத்து, பிரேக் ஷூவை மூடியிருக்கும் டிரம் வர மறுத்தது. சுத்தியலால் தட்டினார். அடித்தார். கெஞ்சினார். தெரு நாய்கள் குடிபெயர்ந்தன.

சமையலறை ஜன்னலில் அம்மா. "ஏங்க, ஹேண்ட் பிரேக்கை எறக்கி விட்டீங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்!" அம்மா தலை மறைந்ததும் பூனை மாதிரி போய் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். டிரம் கையோடு வந்தது. உடனே இரண்டாவது சபதம்: "வேலை முடியிற வரைக்கும் நீ இந்தப் பக்கமே வரக் கூடாது!"

அங்கேதான் சனி பிடித்தது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரிப்பதுதான் முறை. பிரிக்காத பக்கத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டலாம். அப்பா வீரத்தில் இரண்டையும் பிரித்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினார். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று ஸ்பிரிங்குக்கே தெரியவில்லை.

"ஏய் வாலு," என்னைக் கூப்பிட்டார், குரலை எலியாக்கி. "கையெல்லாம் கிரீஸ். மெக்கானிக்குக்கு ஃபோனைப் போட்டு ஸ்பீக்கர்ல வை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

மெக்கானிக் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. அம்மாவின் நம்பரை அழுத்தினேன். ஃபோனை ஸ்டெப்னி மேல் குப்புற வைத்தேன். "அடிக்குதுப்பா, பேசுங்க. எனக்குப் படிக்கிற வேலை இருக்கு" என்று உள்ளே பாய்ந்தேன்.

அம்மா அலறும் ஃபோனோடு நின்றாள். போன தடவை மெக்கானிக் வேலை செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றவள் அவள். ஆனால் அவள் சொன்னால் அப்பா காதில் ஏறாது. என்னைப் பார்த்தாள். "மெக்கானிக்குன்னு நெனச்சிட்டிருக்காரு" என்று கிசுகிசுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஃபோனை என்னிடம் நீட்டினாள். தொண்டைக்குள் ஒரு லாரி சரளையைக் கொட்டிக்கொண்டேன்.

"ம்ஹ்ம்... யாருப்பா அது?"

"அண்ணே! நான்தாண்ணே, செடிக்காரம்மா வீட்டுக்காரர்!"

அம்மா காதில் ஓதினாள், நான் கரகரத்தேன். "ம்ஹ்ம். மேல ஒட்டியிருக்கிற பட்டை, அதான் லைனிங், குட்டையா இருக்கிற ஷூ முன்பக்கம். நீளமானது பின்பக்கம். புரியுதா தம்பி?"

"புரியுதுண்ணே!"

"பல்லுச் சக்கரம் வச்ச அட்ஜஸ்டர் ரெண்டு இருக்கும். இடது வேற, வலது வேற. முனையில எழுத்து இருக்கும், தொடைச்சுப் பாரு."

ஜன்னல் வழியே பார்த்தோம். தூசியை ஊத அப்பா கன்னத்தை உப்பவைத்தார். அம்மா என்னைக் கிள்ளினாள்.

"ஊதாத தம்பி! நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால தொடை!"

அப்பா உறைந்தார். "ஊதப் போறேன்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"ம்ஹ்ம்... அனுபவம்."

ஷூ உட்கார்ந்தது. ஸ்பிரிங் மாட்டியது. டிரம் ஏறியது. பல்லுச் சக்கரத்தைத் திருகி, டிரம் இறுகியதும் கொஞ்சம் தளர்த்தி, சுற்றினால் லேசாக உரசும் சத்தம் வரும்வரை வைக்கச் சொன்னோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா திடீரென்று பேசினார்.

"போன வாரம் வண்டி நழுவினப்ப அவ ஆடிப்போயிட்டாண்ணே. வெளிய காட்டிக்கல. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தா. அதான் என் கையாலயே பண்ணிப் பாத்துடணும்னு... அவகிட்ட சொல்லிடாதீங்க."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். எனக்கும் சரளை கரைந்து ஒரு மாதிரி ஆனது.

"நல்லா செய்றீங்கன்னு சொல்லு" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சி.

"ம்ஹ்ம். நல்லா செய்ற தம்பி." கிடைத்த சந்தில் நான் சொந்தச் சரக்கை நுழைத்தேன். "புது ஷூ படியிற வரைக்கும் வீட்டுல சண்டை கூடாது. ஒரு வாரம் பாத்திரமும் நீயே கழுவு. பொண்ணு என்ன கேட்டாலும் வாங்கிக் குடு."

"அது எதுக்குண்ணே?"

"ம்ஹ்ம்... அனுபவம்."

மறுநாள் ஆஸ்பத்திரி ஏற்றத்தில் வண்டி பாறை மாதிரி நின்றது. கல்லே இல்லாமல். கடைசித் தொட்டியும் இறங்கியதும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க. இனிமே பயமில்லாம நிறுத்துவேன்." அவள் மனசாரச் சொன்னாள். அப்பா வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு ரோஜாத் தொட்டியோடு மெக்கானிக்குக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். நாங்கள் இருவரும் ஜன்னலிலேயே காத்து நின்றோம். முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பி வந்தார்.

"என்ன அடக்கம்டீ அந்த மனுஷனுக்கு! 'நான் உங்ககிட்ட ஃபோன்ல பேசவே இல்லையே'ன்னு சத்தியம் பண்றாரு. நாலு விஷயம் தெரிஞ்சா ஜன்னல்ல நின்னு கத்துவியே, அவருகிட்ட போய்க் கொஞ்சம் கத்துக்கோ!"

"சரிங்க" என்றாள் அம்மா.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.