மிஷின்ல ஓடுறது எது?

சூரியன் கிழக்கில்தான் உதித்தது என்பதை மொட்டை மாடியில் நின்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் 'இன்னொரு தபா' சார். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பளச் சீட்டில் மட்டுமே பார்க்கலாம். எதைக் காட்டினாலும் "இன்னொரு தபா காட்டு நைனா" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

காருக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து டன் கணக்கில் இறங்கி அடிக்கும் பிரஸ் மிஷின்கள். அவற்றை ஓட்டும் சாஃப்ட்வேரை எழுதுவது நான், சரிபார்ப்பது அவர். ஐந்து வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்றால் என் பொறுமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் இருவரும் மீஞ்சூரில் ரயில் ஏறுவோம். ரயில் எங்கே போகிறது என்று முகப்பில் எழுதியிருக்கும், ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். இவர் பெட்டிக்குள் ஏறி மூன்று பேரிடம் தனித்தனியாக, ஒருவர் பதில் இன்னொருவர் காதில் விழாதபடி விசாரிப்பார். மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் உட்காருவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மண்டபத்துக்குப் போன் போட்டு அந்தத் தேதியில் அப்படி ஒரு கல்யாணம் உண்டா என்று கேட்பார். என் கல்யாணத்துக்கு வந்தவர் நேராக மேடையேறி, மணப்பெண் பக்கம் குனிந்து, "உன் சம்மதத்தோடதானேம்மா நடக்குது?" என்று கேட்டுவிட்டார். அவள் தலையாட்டினாள். "வாயத் தொறந்து சொல்லு" என்றார். என் மாமனார் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் எங்கள் கிளைகள் மாட்டின.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை ஒரு பொதுச் சேமிப்பில் போட்டு வைப்பார்கள். அதில் ஒரே நிரலுக்குப் பல கிளைகள் இருக்கும். ஒரு கிளையில் ஒருவர் சோதித்துப் பார்ப்பார், இன்னொன்றில் இன்னொருவர் திருத்துவார். எல்லாவற்றுக்கும் ஆதாரமாக ஒரு மூலக் கிளை உண்டு. இன்னது வேண்டும் என்று யாரும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் கைக்கு வருவது அதுதான். அதனால் அதன் பெயர் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பெயர் சூட்டும் அழகைக் கேளுங்கள். 'ஃபைனல்' என்று ஒரு கிளை. 'ஃபைனல் புதுசு' என்று ஒன்று. வருஷத்தில் மிஷின்கள் மொத்தமாக நிற்பது ஆயுதபூஜைக்குத்தான் என்பதால் பெரிய திருத்தமெல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆகவே 'பூஜைக்கு முன்னாடி', 'பூஜைக்கு அப்புறம்'.

"எந்த வருஷத்து பூஜை?" என்றார் சார்.

நான் கம்ப்யூட்டரில் தேதியைத் தேட ஆரம்பித்தேன்.

"ஃபைனல்னு பேர் வெச்சவன் எவனாச்சும் அதோட நிறுத்திக்கினானா? ஃபைனல்னு பாத்தாலே நா நம்ப மாட்டேன் நைனா."

இந்த மனுஷனுக்கு வேறு வேலையே கிடையாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் சரசாக்காவின் கையுறை போனது. சரசாக்கா நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர், எங்களோடு அதே ரயிலில் வருகிறவர். குறுக்கே கை வந்தால் மிஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு அது சொன்னதைக் கேட்டுக்கொள்ள என் நிரல் ஒரு கண்ணிமைப்பு நேரம் தாமதித்தது. கையுறையின் நுனியை மிஷின் கடித்துக்கொண்டது. நூலிழையில் விரல் தப்பியது.

மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். திருத்தத்தை மூலக் கிளையில் சேர்த்தேன். பிறகு எல்லோரும் மிஷின்கள் ஓடும் ஷாப்புக்குப் போனோம். நாலாம் நம்பரின் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினால் அதுவே சேமிப்புக்குப் போய்ப் புதியதை எடுத்துக்கொள்ளும். அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. 'எல்லாம் புதிய நிலையில் உள்ளது' என்று வந்தது. மேனேஜர் கைதட்டி, "ஸ்டார்ட் பண்ணுங்கப்பா, ஆர்டர் நிக்குது" என்றார். சரசாக்கா புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னொரு தபா" என்றார் சார்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி பச்சை.

"எல்லாம் புதுசுன்னு யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது சார்."

"அது எதப் பாத்து சொல்லுது?"

"நான் எழுதினதைப் பாத்துதான்."

"நீ எழுதுனத அது பாத்தத நீ பாத்தியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லாத்தையும் இப்படிச் சந்தேகப்பட்டா எப்படி சார் பொழைக்கிறது?"

"எம் பொழப்ப உடு. அந்தப் பொண்ணு கைய வெக்கப் போவுது."

சொல்லிவிட்டுக் கேன்டீன் பக்கம் போனார். அன்று முருங்கைக்காய் சாம்பார். நறுக்கி வைத்திருந்ததில் ஐந்து துண்டு வாங்கி வந்து, ஒரு கையுறைக்குள் விரலுக்கு ஒன்றாக நுழைத்து, உள்ளங்கைக்குப் பஞ்சுக் கழிவை அடைத்து, நீளக் குச்சியில் கட்டினார். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

"இன்னா சார், கொயம்பு வெக்கப் போறீங்களா?" என்றார் சரசாக்கா.

சார் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மிஷினை ஓடவிட்டுக் குச்சியை நீட்டினார்.

மிஷின் நிற்கவில்லை. இறங்கி அடித்தது. கையுறை தகட்டோடு தகடாகிவிட்டது. அதன் ஓரத்தில் பச்சையாக ஏதோ வழிந்தது.

சரசாக்கா தன் கையுறைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். மூன்று மாசத்துக்கு முன்பு சேமிப்பை ஒரு புது சர்வருக்கு மாற்றினேன். பழைய இடத்தில் மூலக் கிளைக்கு 'மாஸ்டர்' என்று பெயர். புது சர்வர் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் தன் வழக்கப்படி 'மெயின்' என்று ஒன்றைத் திறந்துவைத்தது. நான் படிக்காமலே சரி சரி என்று அழுத்திக்கொண்டு போயிருக்கிறேன். அதிலிருந்து என் வேலையெல்லாம் மெயினில் சேர்ந்தது. நாலாம் நம்பர் கம்ப்யூட்டருக்கோ, வேலையை விட்டுப் போன யாரோ எழுதிவைத்தபடி, மாஸ்டரைத்தான் தெரியும். அது போய்ப் பழைய மாஸ்டரைப் பார்த்தது, தன்னிடம் இருப்பதும் அதுவே என்று கண்டது, நிம்மதியாகப் பச்சை விளக்கைப் போட்டது. பொய் சொன்னவர் யாருமில்லை. ஒரு கை மட்டும் போயிருக்கும்.

அன்று சாயங்காலமே பெயர் வைக்கக் கூடினோம். மெயின் என்றே இருக்கட்டும், உலகமெல்லாம் அப்படித்தான் என்றேன்.

"ஷாப்புல மெயின்னா கரன்ட்டு மெயின். அத ஆஃப் பண்ணுன்னு ஒருத்தன் சொன்னா நீ எத ஆஃப் பண்ணுவ?" என்றார் சார்.

'லைவ்' என்றார் மேனேஜர். அதுவும் கரன்ட்டுதான் என்று சார் தள்ளினார். 'ஃபைனல்' என்று யாரோ சொல்ல, அவரை ஒரு நிமிஷம் முறைத்தார். கடைசியில் சரசாக்காவை வரவழைத்து, "நீ சொல்லுமா. இதுல கெடக்குறதுல உனுக்கு வோணும்றது எது?" என்றார்.

"இன்னா சார் என்னாண்ட கேக்குறீங்க? மிஷின்ல ஓடுறது எதுவோ, அது."

"அவ்ளோதான்" என்றார். ஆங்கில எழுத்தில் 'மிஷின்ல ஓடுறது' என்றே அடிக்கச் சொன்னார். பழைய மாஸ்டரை அடியோடு அழிக்கவும் சொன்னார். "தப்பான பேரக் கேட்டா அது கத்தணும் நைனா. பேசாம பச்ச லைட்டு போட்டா பேஜாரு." அழித்தோம். உடனே ஷாப்பில் இருந்த ஏழு கம்ப்யூட்டர்களும் சிவப்பைக் காட்டிக் கத்தின. ஏழையும் திருத்தினோம். அதன் பிறகு மறுபடி முருங்கைக்காய், மறுபடி குச்சி. இந்தத் தடவை கையுறைக்கு ஒரு சாண் மேலே மிஷின் நின்றது. அவர் அதை நம்பாமல் இருபது தடவை செய்தார். பெங்களூரிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கிளைப் பெயரை உச்சரிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாசம் சார் ஓய்வு பெற்றார். ஆர்.கே.பேட்டையில் நிலம் இருக்கிறது, நெல் போடப் போகிறார். விதைநெல்லை ஒவ்வொன்றாக விசாரிப்பார் என்று வழியனுப்பு விழாவில் கிண்டல் செய்தேன். நாளையிலிருந்து எதிர் நாற்காலி காலி என்பதையே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷமாகத் தொல்லை தொல்லை என்று நான் புலம்பியதெல்லாம் பிரியம்தான் போலிருக்கிறது.

எல்லோரும் கை கொடுத்தார்கள். கடைசியாக சரசாக்கா வந்தார். கையை நீட்டினார். சார் குலுக்கவில்லை. இன்னொரு கையையும் நீட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.

"பத்து" என்றார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா காட்டும்மா."