கியூபாவில் ஒரு சீனி டீ

மனைவியிடமிருந்து ஒரு வாரம் விடுதலை வாங்கியே தீருவது என்று நான் முடிவெடுத்தது 1995-ம் வருஷம், சீனி போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது.

சுகர் வந்தவன் எந்த ஊரில் வேண்டுமானாலும் பிழைக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் கடை வைக்கக் கூடாது. என் பெயிண்ட் கடைக்கு இடது பக்கம் பால்கோவா. வலது பக்கம் பால்கோவா. எதிரே மாரிச்சாமி கடை, அதுவும் பால்கோவா. காலையில் ஷட்டரைத் தூக்கினால் பெயிண்ட் வாசனை வராது, பால் சுண்டுகிற வாசனைதான் வரும். என் வீட்டுக்காரி நூர்னிசா, ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கிச் சொல்லி வைத்திருந்தாள்.

"மாரிச்சாமி, ஒரு அம்பது கிராம் போடுய்யா."

"வேணாம் பாய். அக்கா வையும்."

"அவளுக்கு எப்படிய்யா தெரியும்?"

"எப்படித் தெரியும்னு தெரிஞ்சா நாங்க ஏன் பயப்படுதோம்?"

வீடு ராஜபாளையத்தில். அங்கே என் டீக்கு எத்தனை கரண்டி, என் கைலிக்கு என்ன கலர் எல்லாம் அவள்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் போகிற நேரம்தான் என் சொந்த வாழ்க்கை. அதையும் பாதி நாள் நின்றுகொண்டுதான் வாழ்ந்தேன்.

கடைக்குப் பேர் 'நூர்னிசா பெயிண்ட்ஸ்'. "ஜமால் பாய்க்குப் பெஞ்சாதி மேல எம்புட்டுப் பிரியம்!" என்று ஊரே சொல்லும். பிரியமும் இல்லை, மண்ணும் இல்லை. தம்பி பங்கு கேட்டு வந்து நின்றுவிடுவானோ என்று பயந்து லைசென்ஸிலிருந்து பேங்க் வரைக்கும் எல்லாவற்றையும் அவள் பேரில் போட்டேன். தம்பி பங்கே கேட்கவில்லை. தென்காசியில் சந்தோஷமாக இருக்கிறான். அவனுக்குச் சுகரும் இல்லை.

அந்த வருஷம் மழை இல்லை. மழை இல்லையென்றால் பருத்தி இல்லை. பருத்தி இல்லையென்றால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் எவன் வீட்டுக்கு வெள்ளையடிப்பான்? கடையில் நானும் ஈயும்தான். கொஞ்ச நேரத்தில் ஈயும் பால்கோவா கடைக்குப் போய்விடும்.

அப்போதுதான் கம்பெனி ரெப் கிறிஸ்துராஜ் வந்தான்.

"பாய், தீபாவளிக்குள்ள டார்கெட் டிஸ்டெம்பர் எடுத்துட்டா டீலருக்கு வெளிநாட்டு டூர். கடற்கரை ஊரு, கம்பெனி செலவு. குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாம். ஸ்பெயின், மெக்சிகோ, கியூபா, மூணுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க."

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். பூகோளம் அதற்கு மேல்தான் வரும் போல.

"மூணும் பக்கத்துப் பக்கத்து ஊரா?"

"மூணும் மூணு மூலைல கிடக்கு. ஆனா பேசுறது ஒரே பாஷை, ஸ்பானிஷ். அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளு ஒருத்தரைக் கம்பெனி பிடிச்சிருக்கு. அவரை வெச்சே மூணு ஊரையும் ஓட்டிரலாம்னு பாக்காக."

"கியூபாவுல என்ன விளையும்?"

"கரும்புதான் பாய். எங்க பாத்தாலும் சீனி."

எனக்குள் ஏதோ கரைந்தது. கடற்கரை மணல். கையில் ஒரு கிளாஸ் டீ. நாலு கரண்டி சீனி. சுற்றிலும் ஒருத்தருக்கும் நூர்னிசாவைத் தெரியாது. பாஷையே வேறு, அவளால் ஒரு கடையிலும் சொல்லி வைக்க முடியாது. அந்த ஒரு டீக்காகத்தான் டார்கெட் சரக்கு முழுவதையும் எடுத்தேன். கம்பெனியில் மிச்சம் கிடந்தது ரோஸ் கலர் மட்டும். கடை நிறைந்து, வீடு நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் வாளி. விற்காததை வீட்டுச் சுவரில் அடித்தேன். கண்ணை மூடினாலும் ரோஸாகவே தெரிந்தது.

விஷயத்தை நூர்னிசாவிடம் சொல்லாமல் முடியாது. கையெழுத்து அவளுடையது.

"கடலா?" என்றாள். கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது. அவள் கடலைப் பார்த்தது ஒரே தடவை, ஏர்வாடி தர்காவுக்குப் போனபோது. பஸ் போயிரும் என்று நான் விரட்டினேன். கால் நனைக்காமலே வந்து ஏறினாள்.

"எந்த ஊரு மச்சான்?"

"மூணு ஊரு. மூணுமே சரியில்லட்டி. ஸ்பெயின்ல தெருவுல காளையை அவுத்து விடுவானாம்."

"எங்க அத்தா ஊரு கான்சாபுரத்துல நான் பாக்காத மாடா?"

"மெக்சிகோவுல பூமி ஆடும்."

"நீங்க குறட்டை விட்டா இங்கயும்தான் ஆடுது."

"கியூபாவுல எதுக்கெடுத்தாலும் ரேஷன். வரிசையில நின்னு சாகணும்."

"இந்த வீட்டுல ரேஷன் வரிசையில யாரு நிக்கா? நீங்களா?"

மூன்று நாடும் கை நழுவிப் போயின. கடைசியாக ஒரு பொய்யை எடுத்தேன்.

"அதெல்லாம் விடு. குடும்பம் கூடாதாம். டீலர் மட்டும்தான் போகணுமாம்."

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"டீலர் மட்டுமா?"

"ஆமா."

"குடும்பத்துல ஒத்த ஆளு கூடவா கூடாது?"

"கூடவே கூடாது. கம்பெனி சட்டம்."

"சரி மச்சான். சட்டம்னா சட்டந்தான்."

எனக்கே பாவமாக இருந்தது. சீனி டீயை நினைத்தேன். பாவம் போய்விட்டது. கியூபாவுக்கு நேராக டிக் அடித்து நீட்டினேன். "எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருஷமும் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சி போய் வந்தேன். அடுத்த வாரமே அவளும் தன் தம்பி ஹுமாயூனைக் கூட்டிக்கொண்டு திருச்சி போனாள். தர்காவில் நேர்ச்சை என்றாள். நான் நல்லபடியாகப் போய்வரத்தான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தால், வாசலில் போலீஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே செருப்பு மாட்டுகிறார். "விசாரிச்சாச்சு பாய். நல்ல குடும்பம். நல்ல பணியாரம்." பத்து நாள் கழித்து இன்னொரு போலீஸ்காரர் வந்து என்னை விசாரித்தார். வெளிநாடு என்றால் ரெண்டு தடவை வருவார்கள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் நம்பரைக் கேட்டு கிறிஸ்துராஜ் வந்த அன்று நான் ஆலங்குளத்தில் சிமெண்ட் லோடுக்குக் காத்துக் கிடந்தேன். "நானே குடுத்துட்டேன் மச்சான்" என்றாள். என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொண்டேன்.

டிக்கெட் வந்தது. கிறிஸ்துராஜ் வீட்டுக்கே கொண்டுவந்தான். நான் கை நீட்டினேன். உறை என் கையைத் தாண்டிப் போனது.

"இந்தாங்க அக்கா. பிளேன்ல குளிரும், கம்பளி எடுத்துக்கோங்க."

"ஏலே, டிக்கெட் எனக்குல்ல?"

"டீலர் பேருக்குத்தான பாய் வரும்? போர்டுலயே இருக்கே. குடும்பத்துலயும் ஆள் வரலாமேன்னு நான் சொன்னேன். தளவாய்புரம் டீலர் பொன்னுராஜ் அண்ணாச்சி, அவுக வீட்டுச் செல்லத்தாய் அக்காவைக் கூட்டிட்டுத்தான் வாராக. அந்த அக்காதான் நம்ம அக்காட்ட விவரமே சொல்லிருக்காவ. ஆனா நம்ம அக்கா ஒரு டிக்கெட் போதும்னுட்டாவ."

ரோஸ் கலர் சுவர் என்னைச் சுற்றிக்கொண்டு வந்தது. நான் வாளி மேல் உட்கார்ந்தேன்.

"நூரு... அப்ப நானு?"

"நீங்க குடும்பம்தான மச்சான்? குடும்பம் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. உங்க வார்த்தையை நான் என்னிக்கு மீறுனேன்?"

செல்லத்தாயோடு பேசிச் சிரித்துக்கொண்டே மதுரை பஸ் ஏறினாள். நான் கையசைத்தேன். பஸ் முக்கில் திரும்பும்வரை சோறு எந்தப் பானையில், மாத்திரை எந்த டப்பாவில் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

கியூபா கைவிட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறதே! நாலு நாள் பொறுத்தேன். அவள் கடல் தாண்டியிருப்பாள் என்று தெரிந்த பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

"மாரிச்சாமி, கால் கிலோ. சூடா."

மாரிச்சாமி தராசைத் தொடவில்லை.

"பாய், அக்கா நேத்து இங்கன ஃபோன் போட்டாவ."

என் கடையிலும்தான் ஃபோன் இருக்கிறது. "எங்கருந்துய்யா?"

"கியூபாவுலருந்து. அலையில போயி நின்னாவளாம். முழங்கால் வரைக்கும் நனைஞ்சாச்சாம். திரும்பவே மனசு வரலையாம்."

"என்னையக் கேட்டாளா?"

"கேட்காம? 'ஊரு பூரா சீனியால்ல கிடக்கு மாரிச்சாமி, நல்லவேளை அவுகளைக் கூட்டிட்டு வரலை'ன்னாவ."