பல் தெரியாத பரம்பரை

மூன்று தலைமுறையாகப் பொது இடத்தில் பல் தெரியச் சிரிக்காத குடும்பம் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அதன் மூத்தவர் பெரியப்பா. "கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க சார்" என்று சொன்ன குற்றத்துக்காகத் தன் கல்யாணத்துக்கு வந்த புகைப்படக்காரரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பியவர். இன்றுவரை அவருக்குக் கல்யாணமானதற்கு ஆதாரம் பெரியம்மா மட்டும்தான்.

அப்பேர்ப்பட்ட வீட்டின் பெண் ஒருத்தி, வெள்ள நிவாரண முகாமில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிற வீடியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அவள் பெரியப்பாவின் தம்பி மகள். அந்த முகாமின் பொறுப்பாளர். எதற்காகச் சிரிக்கிறாள் என்று வீடியோவில் தெரியவில்லை. தெரியாததால் கோபப்பட வசதியாக இருந்தது.

அன்று மாலையே கூடத்தில் குடும்பத்தின் 'அவசரப் பொதுக்குழு' கூடியது.

"வீடு வாசல் போன ஜனங்க முன்னாடி நின்னு சிரிக்கவா இவளைப் படிக்க வச்சேன்?" என்றார் தம்பி.

"தனியா சிரிச்சிருந்தாலாவது உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். கூட்டமா இல்ல சிரிக்கிறாங்க!" என்றாள் தம்பி மனைவி.

பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "அந்த வேலை போதும். நாளைக்கு நானே போய் அழைச்சிட்டு வர்றேன். அவ ரூமைக் கூட்டி வைங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

குடும்பத்துக்கு நிவாரணத்தின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளம் வந்த மறுவாரமே, நேரந்தவறாமைக்குப் பேர்போன தாத்தாவின் நினைவாக, ஐந்நூறு சுவர்க்கடிகாரங்களைப் பெரியப்பா முகாமுக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் தாத்தாவின் சிரிக்காத முகம். மூக்கின் நுனியிலிருந்து இரண்டு முட்கள். துன்பத்தில் இருப்பவர்களுக்கு நேரம் தெரிய வேண்டாமா?

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. வகுப்பறைச் சுவரில், கரும்பலகைக்கு நடுவே, தண்ணீர் நின்ற கோடு சேற்று நிறத்தில் தெரிந்தது. வராந்தாவில் பெரிய பெரிய குண்டான்கள் வட்ட மூடிகளோடு வரிசையாக இருந்தன. பெரியப்பா காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் தம்பி மகள் பதறி ஓடிப்போய், மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். பெரியவரைக் கண்டதும் பாத்திரத்தைக்கூட ஒழுங்கு பண்ணுகிறாளே என்று அவர் மனம் சற்றுக் குளிர்ந்தது.

"என்ன பெரியப்பா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"பையை எடு. வீட்டுக்குப் போகணும்."

அவள் முகம் வாடிவிட்டது. "பிரார்த்தனை நேரம் பெரியப்பா. முடிச்சிட்டுப் பேசலாமா?"

பிரார்த்தனை என்ற சொல்லைக் கேட்டபின் ஒரு நல்ல குடும்பத்து மனிதர் என்ன செய்ய முடியும்? செருப்பைக் கழற்றினார்.

நான்கு பேர் வட்டமாக நின்றார்கள்: தம்பி மகள், 'பிரேக்' என்று பெயரெடுத்த லாரி ஓட்டுநர், சமையல்கார அம்மா, குடிநீர் பொறுப்பில் இருந்த நாத்திகர். பிரேக் பெரியப்பாவை உற்று உற்றுப் பார்த்தான்.

"ஐயாவை எங்கேயோ பார்த்திருக்கேன். தினமும் பார்க்கிற மாதிரி இருக்கு."

"எங்க குடும்பக் களை அப்படி" என்றார் பெரியப்பா, பெருந்தன்மையோடு.

பிரேக் கண்ணை மூடினான். "கடவுளே, பாலம் உடைஞ்சிருக்குன்னு, நேத்து வண்டி ஆத்துல இறங்கின பிறகாவது காட்டிக்கொடுத்தியே, நன்றி!"

"உன் கருணைக்கு அளவே இல்லை!" என்றார்கள் மற்றவர்கள்.

"சாமி, பட்டினி கிடக்கிற ஜனங்களுக்கு உடம்பு இளைக்கிற பொடி இருபது பெட்டி அனுப்பி வச்சியே, நன்றி" என்றாள் சமையல்கார அம்மா.

"உன் கருணைக்கு அளவே இல்லை!"

"இல்லாத கடவுளே" என்று தொடங்கினார் நாத்திகர். "நான் சுத்தம் பண்ணின தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு, பாட்டில் தண்ணி குடிச்சிக்கிட்டே, 'தண்ணி நல்லா இருக்கா?'ன்னு கேட்டாரே தலைமை அலுவலக அதிகாரி, அவரைக் கொடுத்ததுக்கு நன்றி."

எல்லாரும் குலுங்கினார்கள். பெரியப்பாவுக்கு முதுகெலும்பு விறைத்தது.

"என்ன அநியாயம் இது? பிரார்த்தனையா, கூத்தா?"

"இங்க ஆளுக்கொரு சாமி பெரியப்பா. யாரோட பிரார்த்தனை முதல்லன்னு தினமும் சண்டை. எல்லா சாமியும் செய்யறது ஒண்ணுதானே, அதுக்கு நன்றி சொல்லிடலாம்னு முடிவு பண்ணினோம்."

"என்ன ஒண்ணு?"

"எங்களைக் கிண்டல் பண்றது."

சமையல்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். "ஐயா, ஒரு நாள் ஒரு குழந்தையைத் தேடிப் போனோம். செருப்பு மட்டும்தான் கிடைச்சது. எல்லாரும் உட்கார்ந்து அழுதோம். அடுப்புல இருந்ததெல்லாம் அடிபிடிச்சுக் கரியாப் போச்சு. மறுநாள் வரிசையில நின்ன ஒரு அம்மா, 'இன்னைக்குச் சாப்பாடா, அழுகையா?'ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது இது."

தம்பி மகளின் முறை வந்தது. அவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கடவுளே, நேத்து மழை பெய்யலை, நன்றி" என்று அவசரமாக முடித்தாள்.

"என்னக்கா இது, உப்புச்சப்பில்லாம?" என்றான் பிரேக். "கடிகார மகானை விட்டுட்டீங்களே! தினமும் அவருக்குச் சொல்வீங்களே!"

"டேய், சும்மா இரு."

"யாரப்பா அது, கடிகார மகான்?" என்றார் பெரியப்பா.

"அதை ஏன் கேக்கறீங்க! சுவரே இல்லாத ஜனங்களுக்கு ஐந்நூறு சுவர்க்கடிகாரம் அனுப்பின புண்ணியவான் ஐயா! பேட்டரியும் கிடையாது. அதைப் பிரிச்ச அன்னைக்குத்தான் அக்கா விழுந்து விழுந்து சிரிச்சு, யாரோ வீடியோ எடுத்து... நல்ல வேளை, மூக்கு முள்ளைப் பிடுங்கிட்டா குண்டானுக்குக் கச்சிதமான மூடி." அவன் ஒரு மூடியைத் திருப்பிக் காட்டினான்.

நீராவியில் வியர்த்த முகத்தோடு தாத்தா பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். பிரேக் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே நின்றது.

தம்பி மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அனுப்பினது யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை பெரியப்பா."

குடும்பத்தின் மானம் ஒரு குண்டான் மூடியின் மேல் இருந்தது. பெரியப்பா கார் நின்ற பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக வட்டத்துக்கே வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"கடவுளே" என்றார், புகைப்படக்காரரைத் திருப்பி அனுப்பிய அதே முகத்தோடு. "வீட்டுல இன்னும் இருநூறு கடிகாரம் மிச்சம் இருக்கு. அதையும் ஏத்திக்கிட்டு வரலாம்னு இருந்தேன். கார்ல இடமில்லாம பண்ணினியே, நன்றி."

நாத்திகர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார்.

"உன் கருணைக்கு அளவே இல்லை!"

வராந்தா அதிர்ந்தது. பெரியப்பாவின் உதடுகள் விலகின. அவருக்கு இத்தனை பல் இருப்பது தம்பி மகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "பையை எடுத்துட்டு வரட்டுமா பெரியப்பா?"

"எதுக்கு? நாளைக்கு எனக்கு யார் நன்றி சொல்றது?"

மாலையில் அவர் தனியாக வந்து இறங்கினார். பொதுக்குழு காத்திருந்தது.

"எங்கே அவ?" என்றார் தம்பி.

"வரமாட்டா. அங்கே தினமும் பிரார்த்தனை நடக்குது. அவ இல்லாம நடக்காது."

குடும்பம் கைகூப்பியது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமனாரோட கடிகாரமெல்லாம் நல்லா ஓடுதா?" என்று விசாரித்தாள்.

"எங்கே ஓடும்? பேட்டரி இல்லையே. சுவரும் இல்லை."

கூடத்தில் கவலை சூழ்ந்தது. தம்பி எழுந்து நின்று தீர்மானத்தை முன்மொழிந்தார்: தாத்தாவின் படம் அச்சிட்ட உறையில் ஐந்நூறு பேட்டரிகள் உடனே அனுப்பப்பட வேண்டும், மாட்டுவதற்கு ஐந்நூறு ஆணிகளும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு பல்கூடத் தெரியவில்லை.

பெரியப்பா மட்டும் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அப்பாவை நினைச்சு அழறார்" என்று தம்பி தாழ்ந்த குரலில் சொல்ல, கூடமே எழுந்து மரியாதையாக நின்றது.

மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் சிரித்ததே இல்லை என்பது சத்தியமான உண்மை. அந்த வேலையை அது முழுக்க முழுக்க ஊராரிடமே ஒப்படைத்திருந்தது.