மேல் அறையில் ஒரு கோல் கீப்பர்

சட்டன், லண்டன்,
22 மார்ச் 1993

அன்புள்ள மச்சான் கிறிஸ்துநாயகத்துக்கு,

தேவ கிருபையால் என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். உமக்கும் தங்கச்சிக்கும் முழங்கால் உட்பட எல்லாம் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. அதிலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பத்திரிகையில் என் படத்தைக் கண்டபின் உமக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். நல்லது, டொக்டரும் உம்மைக் குறைக்கத்தானே சொன்னவர். "அண்ணர் போய்ச் சேர்ந்தபிறகு, நீங்கள் சேலையோடு உதைபந்தாட்ட மைதானத்துக்குள் ஓடுவதா? மேல் அறையில் ஒரு வெள்ளைக்காரனை வைத்திருப்பதா? அவனை அனுப்பாவிட்டால் இனி உங்கட வீட்டுப் படி மிதியேன்" என்பது உமது வாசகம். நான் ஓடவில்லை, நடந்தேன். படத்தில் வேகமாகத் தெரிவது காற்று.

அவரை "அவன்" என்று எழுதுவதையும் நிறுத்தும். ஸ்தோயன் பல்கேரியாவில் பத்து வருடத்துக்கு மேல் முதல்தரக் கழகமொன்றில் கோல் காத்தவர். ஒரு தடவை நாட்டு அணிக்கும் எடுபட்டு, ஆட்டம் முடியுமட்டும் மைதானத்தில் இறங்காமலே வாங்கில் குந்தியிருந்துவிட்டு வீட்டுக்குப் போனவர். அதைக்கூட உள்ளபடி சொல்லுகிற மனிதர். எங்கட சனத்தில் வாங்கில் குந்தியிருந்தவர்களெல்லாம் கப்டனாக இருந்ததாகத்தானே லண்டனில் சொல்லித் திரிகிறார்கள்? உம்மைச் சொல்லவில்லை. அங்கே ஆட்சி மாறி, கழகத்தில் சம்பளம் நின்று, முப்பத்தாறு வயதில் இங்குள்ள சின்னக் கழகமொன்றுக்கு வந்து, என் மேல் அறையில் வாடகைக்குச் சேர்ந்தார். சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் விசாவும் முடிந்து, ஊருக்குப் போய் பஸ் ஓட்ட வேண்டியதுதான்.

வந்த புதிதில் அவருக்கு ஆங்கிலம் கிடையாது. என் கூரையின் கீழ் அரைகுறை ஆங்கிலத்துக்கு இடமும் கிடையாது. கொன்வென்றில் மதர் எங்களுக்குப் பழக்கியதைத்தான் நானும் பழக்கினேன்: முழு வசனம், தொடக்கத்தில் மன்னிப்பு, முடிவில் ப்ளீஸ். மனிதர் செபம் போலப் பாடமாக்கினார். தை மாதத்தில் கழக மனேஜர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். "மெடம், பந்து உயர வந்தால் கோல் கீப்பர் கத்தவேணும். கத்தினால்தான் எங்கட ஆக்கள் விலகுவினம். உங்கட ஆள் என்ன சொல்லுறார் தெரியுமோ? எக்ஸ்கியூஸ் மீ, ஜென்டில்மன், வுட் யூ கைண்ட்லி லீவ் த போல் ரு மீ, ப்ளீஸ். கைண்ட்லியில நிக்கேக்க பந்து கோலுக்குள்ள போயிடுது."

"வசனத்தில பிழை இருக்கோ?" என்று கேட்டேன்.

"பிழை இல்லை, மெடம்."

"அப்ப வசனம் முடியுமட்டும் உங்கட ஆக்களைப் பொறுத்து நிக்கச் சொல்லுங்கோ."

அவர்கள் பொறுத்து நிற்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. அடுத்ததும் தோற்றால் ஒப்பந்தத்தை மறந்துவிடலாம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஸ்தோயன் சோறு வேண்டாமென்றார். அவர் வாயால் அப்படி ஒரு சொல் அதற்குமுன் வந்ததில்லை. என் இலக்கணத்தால் ஒரு மனிதனின் பிழைப்புக் கெட்டதென்று இருக்கக்கூடாது. ஆகவே போனதுக்கு முந்தின சனிக்கிழமை லூர்தம்மாவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

லூர்தம்மா அடுத்த தெரு மனிசி, எனக்குச் சமையலுக்குக் கூடமாட நிற்கிறவ. எங்கட குசினி ஒடுக்கம் என்று உமக்குத் தெரியும். அவ கஞ்சி வடிக்கப் பானையைத் தூக்கினால் "விலத்து! விலத்து! சுடுது!" என்று கத்துகிற கத்தில் வீட்டிலுள்ள எல்லாரும் சுவரோடு ஒட்டவேண்டும். ஸ்தோயனும் ஒட்டிப் பழகியவர். இந்தச் சந்தைச் சத்தம் என் வீட்டில் வேண்டாமென்றால், "அக்கா, நான் எக்ஸ்கியூஸ் மீ சொல்லி முடிக்க உங்கட கால் வெந்துபோம்" என்பா.

எதிராளிகள் உமது இல்போர்ட் பக்கத்து அணி, பனைமரங்கள் மாதிரி ஆட்கள். முதல் பாதியில் ஒரு எக்ஸ்கியூஸ் மீ, ஒரு கோல். பிறகு எங்கட ஆட்கள் இரண்டு அடித்தார்கள். முடிகிற நேரம் பந்து ஒன்று உயர எழும்பி வருகிறது, எல்லாரும் கோலுக்கு முன்னால் நெருக்குகிறார்கள், ஸ்தோயன் "எக்ஸ்" என்று தொடங்கினார். லூர்தம்மா எழும்பி, "தம்பி, விலத்தச் சொல்லு!" என்று அலறினா. அவ்வளவுதான். மைதானம் அதிர "விலத்து! விலத்து! சுடுது!" என்று வந்தார் மனிதர். மச்சான், அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எங்கட ஆக்களும் விலத்தினார்கள், அவங்கட ஆக்களும் விலத்தினார்கள், ஒருத்தன் கோல் கம்பத்தோட ஒட்டிக்கொண்டான். பந்து ஸ்தோயனுடைய கையில், கஞ்சிப் பானை மாதிரி.

நடுவர் விசில் ஊதி மஞ்சள் அட்டையைத் தூக்கினார். கெட்ட வார்த்தையாம். இன்னொரு தரம் கத்தினால் வெளியேயாம். வெளியே என்றால் ஒப்பந்தமும் வெளியே. அப்போதுதான் நான் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"சேர், என் வீட்டில கெட்ட வார்த்தை இல்லை" என்றேன்.

"அப்ப என்ன அர்த்தம், மெடம்?"

"ஒதுங்கி நில்லுங்கோ, சூடு, உங்களுக்குப் பட்டுப்போகும். கரிசனையாச் சொல்லுறது."

"எது சூடு?"

"சோறு."

அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். அட்டை சட்டைப் பைக்குள் போனது. நான் திரும்பி நடக்கும்போது எடுத்ததுதான் நீர் கண்ட படம். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று, எங்களுக்கு.

ஆகவே கேளும். உமது அண்ணர் போனபின் அந்த மேல் அறையில் ஒரு சத்தமும் இருந்ததில்லை. இப்போது விடியக்காலையில் அவர் துள்ளிப் பழகுகிறார், கூரைத் தூசி என் தேத்தண்ணிக்குள் விழுகிறது. விழட்டும். இன்று பின்னேரம் ஒப்பந்தப் பேச்சு. அது எப்படி முடிந்தாலும் ஸ்தோயன் இருக்கப்போவது என் வீட்டில்தான். மகன் கலியாணம் கட்டிப் போனபின் இல்போர்ட்டுக்குப் பக்கத்தில் உமது செவன் கிங்ஸ் வீட்டு மேல் அறை பூட்டிக் கிடக்கிறது. பூட்டின அறையைக் காக்கிற உமக்குக் கோல் காக்கிறவரைப் பற்றி என்ன தெரியும்? படி மிதிக்காவிட்டால் மிதிக்காமல் இரும். என் முடிவு மாறாது.

மடுமாதா உமக்குப் புத்தியும் தங்கச்சிக்குப் பொறுமையும் தந்து காப்பாராக.

உமது அண்ணி,
பியற்றிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டமுன் ஸ்தோயன் வந்துவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இரண்டு வருடத்துக்கு. எங்கட கழகத்தோடு அல்ல, தோற்றுப்போன அந்த இல்போர்ட் அணியோடு. தங்களை விலத்தின குரல் தங்களுக்கே வேணுமாம். மைதானம் உமது வீட்டுக்குப் பின் தெருவாம். உமது மேல் அறையைப் பற்றிச் சொன்னேன், மிகவும் சந்தோசப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருவார், பூட்டைத் திறந்து வையும். புட்டுக்குச் சீனி போட்டுத்தான் சாப்பிடுவார். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் நானும் லூர்தம்மாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். நீர் மிதியேன் என்றது என் படியைத்தான், உமது படியை நான் மிதிக்கத் தடையில்லை. அவருக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டாம். இங்குள்ள அறைச் சாவியை நான் அவரிடமிருந்து திருப்பி வாங்கவில்லை.