மண்டியாவில் கிளம்பிய கேக்

உலகத்திலேயே கேக்குக்குப் பச்சைக் கொடி காட்டிய ஒரே மனிதர் எங்கள் கார்டு மாமாதான். இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கிறவர்கள் என் ஓவனைக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என்னை மைசூருக்கு மாற்றியபோது யாதவகிரியில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் அது தெரியாது, கார்டு மாமா என்றால்தான் தெரியும். ரயில்வேயில் இப்போது கார்டு என்று சொல்வதில்லை, 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

"மேனேஜர் ஹோட்டல்ல இருப்பான்" என்றார் மாமா. அந்த வாரம் முழுக்க எனக்குக் குட்மார்னிங் கிடையாது.

எனக்கு அவர் வைத்த பெயர் 'அப்பர் பர்த்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போர்வைக்குள் சுகமாகப் படுத்திருக்கும்போது கீழேயிருந்து குரல் வரும். "அப்பர் பர்த்! மோட்டார் போடட்டுமா?" போடுங்கள் என்றால் போதாது. "மோட்டார் போடலாம். திருப்பிச் சொல்லுங்கோ!" என்பார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஒரு தகவல் சொன்னால் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டுமாம், இல்லாவிட்டால் விபத்தாம். எங்கள் தண்ணீர்த் தொட்டி எந்த ரயிலோடும் மோதப் போவதில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

அதைவிட வேடிக்கை, அவர் எதிலும் முன்னால் வரமாட்டார். காரில் பின்சீட்டு. கல்யாணத்தில் கடைசிப் பந்தி. கோயிலுக்குப் போனால் கூட்டத்துக்கெல்லாம் பின்னால் நின்று, சுவாமியைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "கார்டு முன்னால வரப்படாது" என்று ஒரே பதில்.

வீட்டில் கடிகாரம் பேருக்குத்தான் ஓடும். மாமா நேரத்தை நிமிஷத்தில் அளப்பதில்லை, ஸ்டேஷனில் அளப்பார். வாழ்நாளில் பாதியை பெங்களூரு-மைசூரு பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் கழித்தவர் அல்லவா? சாப்பாடு தயாரா என்று மாமியிடம் கேட்க மாட்டார். "எங்க வந்துண்டிருக்கு?" என்பார். மாமியும் பழகிப்போன அலுப்பில், "பாண்டவபுரா தாண்டியாச்சு. ரசம் கொதிச்சா ஸ்ரீரங்கப்பட்டணம்" என்பார். இட்லி வேகிற நேரம் நாகனஹள்ளியிலிருந்து மைசூர். அது ரொம்பக் கிட்டத்து ஸ்டேஷன். நடுவில் யாராவது போன் செய்து சமையல் தாமதமானால் அதற்குக் கிராசிங் என்று பெயர், ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கிற மாதிரி. இப்போது இரட்டைப் பாதை வந்துவிட்டது, கிராசிங்கே கிடையாது மாமா என்றேன். "அதான் சமையல்ல ருசியே இல்ல" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், சுபா. பெங்களூரில் வேலை. கூட வேலை பார்த்த மஞ்சுநாத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் கன்னடக்காரன், சொந்த ஊர் மண்டியா. "மண்டியால எப்பவும் ரெண்டு நிமிஷம்தான் நிப்போம். என் பொண்ணு அங்கேயே இறங்கிட்டா" என்று மாமா சொன்னாரே தவிர, கல்யாணத்தைத் தடுக்கவில்லை. ரிசப்ஷனில்தான் வினை வந்தது. மேடையில் போட்டோ எடுக்க எல்லோரும் கூப்பிடுகிறார்கள், மாமா கடைசி நாற்காலியைவிட்டு நகரவில்லை. கார்டு முன்னால் வரக்கூடாதாம்! பாவம் அந்தப் பையனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எப்படித் தெரியும்? மாமனாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டான். அதன்பிறகு சுபாவைக் கொண்டுவந்து வாசலில் விடுவான். காரைவிட்டு இறங்க மாட்டான், அப்படியே மண்டியாவுக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். மாமா ஜன்னல் வழியாக அந்தக் கார் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நின்றால் நமக்கே ஒருமாதிரி இருக்கும்.

போன வருஷம் சுபா முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. மசக்கை படுத்திய பாட்டில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா என் கதவைத் தட்டினார். கையில் ஒரு கூடை பீட்ரூட். முகமெல்லாம் பல்.

"அப்பர் பர்த், மாப்ளை போன் பண்ணினார்! அவரே! என்கிட்டயே! தமிழ்ல பேசினார்!"

"என்ன சொன்னார் மாமா?"

"சுபாவுக்கு எதுவும் ஒத்துக்கலையாம். நாளைக்கு வராளாம். சேப்பு கேக் வேணுமாம். மாடியிலதான் பண்ணணுமாம்."

சிவப்பு கேக் புரிந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேக்கரியில் சிவப்பாக ஒன்று வாங்கித் தின்கிறார்கள்தான். ஆனால் மாடி?

"மாடியிலதானே உங்க ஓவன் இருக்கு? சுபா சொல்லியிருப்பா. 'சேப்பு கேக், மாடி'ன்னு தெளிவாச் சொன்னார்."

"திருப்பிச் சொன்னீங்களா மாமா?"

மாமாவின் பல் கொஞ்சம் மறைந்தது. "இல்ல. முதல் தடவையா வாயைத் திறந்து ஒண்ணு கேக்கறார். திருப்பிக் கேட்டா, நீ பேசற தமிழ் புரியலேன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?"

சாயப்பொடி போடலாம் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாயமா என்று என்னை அடிக்காத குறை. ஆகவே பீட்ரூட். துருவி, வேகவைத்து, அரைத்து, மைதாவோடு கலந்ததில் என் சமையலறை கொலை நடந்த இடம்போல ஆயிற்று. முட்டைக்குப் பதில் தயிர். மாவைத் தட்டில் ஊற்றி ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தியதும் மாமா இடுப்பிலிருந்து ஒரு பச்சைக் கொடியை உருவினார். இரண்டடி பின்னால் தள்ளி நின்று ஆட்டினார்.

"கேக் வேக எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி, ஒரு மணி ஆகும்."

"அப்போ மண்டியாவுல கிளம்பறது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதியில் மாமி மாடியேறி வந்து, வெந்ததா பார்க்கலாம் என்று ஓவன் கதவில் கை வைத்தார். மாமா போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. "ஓடற வண்டியில கதவைத் திறக்கப்படாதுடீ!" கேக் விஷயத்தில் அது சரிதான், நடுவில் திறந்தால் அமுங்கிவிடும். மைசூர் வந்துசேர்ந்தபோது கேக் நன்றாகத்தான் உப்பியிருந்தது. நிறம்தான், பார்த்தால் நெற்றியில் இட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

மறுநாள் காலையில் கார் வந்தது. அன்றைக்கு அதிசயமாக மஞ்சு இறங்கி உள்ளே வந்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். மாமா கூடத்தின் கடைசி மூலையில் நின்றபடி, என்னை நோக்கிக் கையசைத்தார். நான் கேக்கைக் கொண்டுபோய் நடுவில் வைத்து வெட்டினேன்.

சுபா பார்த்தாள். பீட்ரூட் வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள், மாமி பின்னாலேயே ஓடினார்.

மஞ்சு கேக்கைப் பார்த்தான். மூலையில் நின்ற மாமனாரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "பரவாயில்ல. நானே எங்கயாவது வாங்கிட்டு வரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இனி இந்த மனுஷன் இந்தப் படியேற மாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மாமாவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். அலமாரியைத் திறந்தார், எதையோ எடுத்தார், ஓடினார். நான் வாசலுக்கு வந்து பார்த்தால், கிளம்பிவிட்ட காருக்கு முன்னால், ஆமாம், முன்னால், நட்ட நடுத்தெருவில் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! வேட்டி ஒருபக்கம் அவிழ்ந்து தொங்குகிறது. மஞ்சு அலறியடித்து பிரேக் போட்டான்.

"மாப்ளே! நீங்கோ போன்ல என்ன கேட்டேள்? திருப்பிச் சொல்லுங்கோ!"

"விடுங்க மாமா."

"வண்டி நகராது. திருப்பிச் சொல்லுங்கோ!"

மஞ்சு தலையை வெளியே நீட்டினான். "சேபு கேக், மாடி."

"அதான்! சேப்பு கேக்! மாடியில! பீட்ரூட் அரைச்சு மாடியிலதானே பண்ணினேன்!"

"சேப்பு அல்ல மாமா. சேபு! சேபு ஹண்ணு!"

கொடி மெல்லக் கீழே இறங்கியது. "ஆப்பிளா?"

"ஆப்பிளே!"

கன்னடத்தில் சேபு என்றால் ஆப்பிள். மாடி என்றால், செய்யுங்கள். அதாவது மாப்பிள்ளை பணிவாக, ஆப்பிள் கேக் செய்யுங்கள் என்றிருக்கிறான். மாமா அதை மாடியில் சிவப்பு கேக் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மைசூரிலேயே பிறந்து, கன்னடத்திலேயே காய்கறி பேரம் பேசி, கன்னடத்திலேயே சண்டையும் போடுகிற மனிதர்!

வாசலுக்கு வந்துவிட்ட மாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன்னா, தினம் மார்க்கெட்ல சேபு வாங்கறேளே, அதுகூடவா தெரியல?"

"மாப்ளை தமிழ்ல பேசறார்னு நானும் தமிழ்லயே கேட்டேண்டீ" என்றார் மாமா.

மஞ்சு காரைவிட்டு இறங்கியே விட்டான். "ஆப்பிள் இங்கிலீஷ் அல்லவா மாமா? உங்ககிட்ட இங்கிலீஷ் கலக்காம பேசணும்னு நெனைச்சேன். அவசரத்துல கன்னடா பந்துடுச்சு." அந்த 'வந்துடுச்சு'விலும் கன்னடம் புகுந்துவிட்டது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, இரண்டுமே ஒதுங்கி நின்ற கதை. யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு நாய்கூடக் குரைத்துப் பார்த்தது.

சிரிப்பு அடங்கியதும் மஞ்சு கேட்டான். "மாமா, ரிசப்ஷன்ல ஏன் முன்னால வரலே?"

மாமா கொடியைச் சுருட்டினார். "கார்டு பின்னாலதான் நிப்பான் மாப்ளே. பின்னால நின்னாத்தான் முழு வண்டியும் பத்திரமாப் போறதான்னு தெரியும். உங்க ரெண்டு பேரையும் பாத்துண்டேதான் இருந்தேன். கண்ணே எடுக்கல."

மஞ்சு குனிந்து, தெருவில் புரண்ட மாமாவின் வேட்டி நுனியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

பிறகு எல்லோரும் மாடியேறினோம். மஞ்சு கொண்டுவந்த ஆப்பிளை அவனே தோல் சீவினான், மாமா மெல்லிசாக நறுக்கினார். மைதா, வெண்ணெய், தயிர், நாட்டுச்சர்க்கரை. ஆப்பிள் துண்டுகளைப் பட்டைப்பொடியில் புரட்டி, பாதியை மாவுக்குள்ளும் மீதியை மேலேயும் அடுக்கினோம். வரிசை கோணுகிறது என்று மாமா இரண்டு தடவை கலைத்து அடுக்கினார். ஓவன் கதவு சாத்தியதும் பச்சைக் கொடியை எடுத்தார், ஒரு கணம் யோசித்தார், மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

"உங்க ஊர்லேந்து கிளம்பறது. நீங்கோ காட்டறதுதான் முறை."

மஞ்சு காட்டினான். ரொம்ப சீரியஸாகக் காட்டினான். மாமி கதவைத் திறந்துவிடாமல் இருக்க, இரண்டு பேரும் ஓவனுக்கு இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள். பாண்டவபுராவில் மேலே லேசாகச் சிவந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெண்ணெயும் பட்டையும் ஆப்பிளும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பிப் படியிறங்கிப் போனது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து சுருண்டு கிடந்த சுபா தானாகவே மாடியேறி வந்து வாசற்படியில் நின்றாள்.

"எங்கப்பா வந்துண்டிருக்கு?"

மாமா வாயைத் திறப்பதற்குள் மஞ்சு சொன்னான். "நாகனஹள்ளி."

சுபா இரண்டு துண்டு தின்றாள். எல்லோரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி தடம் புரளவில்லை. மூன்றாவது துண்டு கேட்டபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் ஜன்னலில் ஏதோ தூசி தட்டினார். அந்தச் சிவப்பு கேக்கும் வீணாகவில்லை. மஞ்சு ஒருவனாகவே முக்கால்வாசியைத் தீர்த்தான், நன்றாக இருக்கிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னான்.

சீமந்தம் மண்டியாவில் நடந்தது. போட்டோ எடுக்கிற நேரம் மாமா வழக்கம்போல கடைசி நாற்காலியைப் பார்த்து நழுவினார். மஞ்சு விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்திவிட்டான். போட்டோவில் மாமா முதல் வரிசையில்தான் இருக்கிறார். ஆனால் கழுத்து மட்டும் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

கவலைப்படாதீர்கள் மாமா. அந்தப் போட்டோவில் எல்லோருக்கும் பின்னால், யாருடைய தோளுக்கோ மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது இந்த அப்பர் பர்த்துதான். நீங்கள் முன்னால் போய்விட்டால், கடைசிப் பெட்டிக்கு ஒரு ஆள் வேண்டாமா?