மூன்று வழியும் ஒரு முழங்காலும்

பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, முழங்கால் கதவில் இடிக்கும்வரை இழுத்து உட்கார்ந்திருந்தார் அவர். துணி எடுக்க வந்த மனைவி காலிப் பையோடு நின்றாள்.

“கொஞ்சம் நகருங்க.”

“ப்ளேன்ல இப்படித்தான் உக்காரணும். முட்டி எங்க இருக்கு பாத்தியா?”

“நாளைக்கு மத்தியானம் அக்காவுக்கு ஆபரேஷன். உள்ள கூட்டிட்டுப் போறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவளுக்கு வேற யாரு இருக்கா?”

“அதுக்குத்தானே எதுல போறதுன்னு காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன்!”

பயணம் போகிறவர்கள் ஓர் இனம். பயணங்களை ஒப்பிடுகிறவர்கள் வேறு இனம். பின்னவர்களை எப்போது போனாலும் வீட்டில் பார்க்கலாம். இவருக்கு அலுவலகத்தில் தராசு என்று பெயர். தட்டு இரண்டும் ஆடிக்கொண்டே இருக்கும். சரக்கு மட்டும் கைமாறாது.

விமானம் சீக்கிரம் போய்விடும் என்கிறவர்களைக் கண்டால் தராசுக்கு இரக்கம் வரும். விமான நிலையம்வரை போவது, அங்கே பெல்ட்டைக் கழற்றுவது, பிறர் பார்க்க மறுபடி மாட்டுவது, இறங்கியபின் ஊரார் பெட்டிகளெல்லாம் சுற்றிவர நம் பெட்டியை மட்டும் காணாமல் விழித்துக்கொண்டு நிற்பது, இதையெல்லாம் யார் கணக்கில் சேர்ப்பது? ரயிலில் காலை நீட்டலாம். எதிரில் இருப்பவரும் நீட்டுவார். கார் நினைத்த இடத்தில் நிற்கும். நினைக்காத இடத்திலும் நிற்கும். ஆகவே விமானம்தான். ஆனால் முழங்கால்?

அக்கா வீட்டுக்காரர் இறந்தபோதும் இதே நாற்காலிதான். இவர்கள் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து, அந்த வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

“ரயில்ல இடம் தீந்துடுச்சு” என்றார் கொஞ்ச நேரத்தில். முகத்தில் ஒரு தெளிவு. “இனி ரெண்டுதான். சுலபமாயிடுச்சு.”

மனைவி பீரோவின் மறுகதவைத் திறந்து துணிகளைப் பையில் அடுக்கினாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாலையில் விமானமும் நிரம்பிவிட்டது. தராசு சோர்ந்துபோனார். கார் ஒன்றுதான் மிச்சம் என்றால் எதை எதோடு நிறுப்பது? கீழே போய் நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது: நான்கும் ஒன்றுபோல் இல்லை. எது மோசம் என்று காருக்கடியில் தலையைக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ செருப்புச் சத்தத்தோடு தாண்டிப் போனார்கள். அவர் நிமிரவில்லை.

இருட்டியபின் மேலே வந்தார். பீரோ பூட்டியிருந்தது. நாற்காலி சாப்பாட்டு மேசையடியில், அதன் பழைய இடத்தில். போன் அடித்தது.

“பஸ்ல ஏறிட்டேன்.”

“பஸ்ஸா! அதை நாம பாக்கவே இல்லையே?”

“அதனாலதான் ஏற முடிஞ்சுது.”

நீங்கள் சிரிக்கலாம். பஸ் என்றதும், படுக்கையா வெறும் இருக்கையா என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் ஜிப்பை மூடுகிறார்களா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் அறைக் கதவுவரை நடந்தாள். சாயங்காலம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னாள். நல்லது என்றார் தராசு. பிறகு, பஸ்ஸில் முட்டி இடித்ததா என்று கேட்டார்.